வாடகை வீட்டில் சின்ன நாய்: சரி சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் முன்பணம், பராமரிப்பு, பெயிண்ட் செலவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நாய்க்கு மட்டும் இருக்காது. எல்லாம் பேசி முடித்து சாவி கைமாறப் போகிற நேரத்தில், "எங்ககிட்ட ஒரு சின்ன நாய் இருக்கு, பரவாயில்லைதானே?" என்று கேட்பார்கள். சட்டென்று வாயில் வருகிற பதில் இரண்டுதான். "சின்ன நாய்தானே, இருக்கட்டும்" என்பது ஒன்று. "நாயெல்லாம் ஆகாதுங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்காமல் சொல்கிற பதில்கள்.

"இரண்டு நாள் டைம் கொடுங்க, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நாளில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பதே பெரும்பாலும் நல்லது. ஆனால் நாய் சின்னது என்பதற்காக அல்ல. நாயை வளர்க்கிற ஆளையும், உங்கள் வீட்டுத் தரையையும் சுவரையும் பார்த்து, அந்த ஒரு நாய்க்கு மட்டும், எழுத்தில் அனுமதிக்க வேண்டும்.

பொத்தாம்பொதுவாக "நாய் கூடாது" என்று போர்டு வைத்துவிட்டால் நாய் வராது என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் வரும். அப்படி ஒளித்து வளர்க்கப்படும் நாயால்தான் வீடு அதிகம் பாழாகும். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து அதை வெளியே கூட்டிப்போக மாட்டார்கள், அதனால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். குளியலறைக் குழாய் ஒழுகினாலும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்கள் வந்தால் நாயைப் பார்த்துவிடுவீர்களே. கடைசியில் நாய் கீறியதை விட, ஈரம் ஏறிய சுவருக்குத்தான் அதிகம் செலவாகும். தடுப்பூசிச் சீட்டையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாய் வைத்திருப்பவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். அதனால் கிடைத்த வீட்டை அவ்வளவு எளிதில் விட மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆள் தேடி அலைகிற வீட்டுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில், முடிவு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

சில இடங்களில் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையே வீட்டுக்காரருக்கு முழுதாகக் கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வளர்ப்புப் பிராணி கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல் நிலைமை தலைகீழ்: வாடகைதாரர் எழுத்தில் கேட்ட பிறகு, மறுக்க விரும்பும் வீட்டுக்காரர்தான் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டமும், நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் மறுத்துவிட்டு, பிறகு கடிதம் வந்ததும் விழிக்க வேண்டாம்.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய், காது கேளாதவர்களுக்கு உதவும் நாய் போன்றவை வளர்ப்புப் பிராணிக் கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டம் போன்றவை இவற்றுக்காகத் தனி முன்பணம் கேட்பதையும் தடுக்கின்றன. இந்தக் கட்டுரை சொல்கிற எதையும் அப்படிப்பட்ட நாய்க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அடுக்குமாடியாக இருந்தால் சங்க விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். லிஃப்டில் நாயை ஏற்றலாமா, பொதுத் தோட்டத்தில் விடலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: வளர்ப்புப் பிராணிகள் கடித்தது, கீறியது, சிறுநீர் கழித்தது ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். இருந்தால் அந்தப் பொறுப்பு முன்பணத்தின் தலையில்தான் விழும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

வீட்டை நாயின் உயரத்தில் பாருங்கள்

ஒரு வீடு நாய்க்கு ஒத்துவருமா என்பதைத் தரைதான் முதலில் சொல்லும். டைல்ஸ், கிரானைட், மொசைக் என்றால் பெரிய கவலை இல்லை. டைல்ஸ் இடுக்கில் பூசியிருக்கும் கலவை மட்டும் ஈரத்தை உறிஞ்சும். மரத்தரை என்றால் யோசிக்க வேண்டும். பூனையைப் போல நாயால் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. நடக்கும்போதெல்லாம் நகம் தரையில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். லேமினேட் பலகையில் கீறலை விட ஈரம்தான் பிரச்சினை, இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் ஓரங்கள் உப்பிக்கொண்டு மேலே வரும். சுவருக்குச் சுவர் கார்பெட் போட்ட வீடு என்றால், என்னைக் கேட்டால், நாய்க்குட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். மேலே துடைத்தாலும் அடியில் இருக்கும் மெத்தை விரிப்புக்குள் இறங்கிய சிறுநீர் அங்கேயே இருக்கும்.

வாசல் கதவின் உட்பக்கத்தில் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். தனியாக விடப்பட்ட நாய் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். அங்கே ஒரு மெல்லிய உலோகத் தகடோ, அக்ரிலிக் ஷீட்டோ அடித்துவிட்டால் கதவு தப்பிக்கும்.

நாய் சின்னதாக இருப்பதே ஆபத்தாகும் இடம் பால்கனி. பெரிய நாயின் தலைகூட நுழையாத கம்பி இடைவெளியில் சிவாவா போன்ற மிகச் சின்ன இன நாய் முழுசாகப் புகுந்து வெளியே விழுந்துவிடும். கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் வலை அடித்துக் கொடுங்கள், அல்லது அவர்களையே அடிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுச்சுவர் என்றால், நாயின் குரல் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் கைக்குழந்தையோ இரவு வேலைக்குப் போகிறவரோ இருந்தால், சரி சொல்வதற்கு முன்பே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகவே பாதிப் பேர் பொறுத்துக்கொள்வார்கள்.

"சின்ன நாய்" என்பதை நம்பாதீர்கள்

சின்ன நாய் என்றால் பொதுவாக வளர்ந்த பிறகும் பத்து கிலோவைத் தாண்டாத நாய். சிவாவா மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். பொமரேனியன் இரண்டிலிருந்து மூன்றரை, பக் ஆறிலிருந்து எட்டு கிலோ. இதெல்லாம் சரி. ஆனால் எடை குறைவு என்றால் தொல்லையும் குறைவு என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. அது தப்பு.

2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எந்த இனங்கள் மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் அதிகம் பாய்கின்றன என்று பார்த்தார்கள். மனிதர்களிடம் பாய்வதில் முன்னால் வந்தவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர். மூன்றுமே சின்ன நாய்கள். சின்ன நாய் கடித்தால் காயம் சிறியது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, திருத்துவதும் இல்லை. மறுபக்கம், முப்பது கிலோ எடையுள்ள கிரேஹவுண்ட் பகலில் பெரும்பகுதி சோபாவில் படுத்துத் தூங்கும். குரைப்பதும் குறைவு.

எடையை விட, அந்த இனத்தை முதலில் எந்த வேலைக்கு வளர்த்தார்கள் என்று பார்ப்பது அதிகம் உதவும். டாக்ஸ்ஹண்ட் தரைக்கு அடியில் வளைக்குள் போய் வேட்டையாட வளர்க்கப்பட்டது. வளைக்குள்ளிருந்து குரைத்தால் மேலே நிற்பவருக்குக் கேட்க வேண்டும். அதே குரல்தான் உங்கள் இரண்டாவது மாடியிலும் கேட்கும். டெரியர் வகைகள் எலியையும் நரியையும் தோண்டிப் பிடித்தவை. தோட்டம் இருந்தால் அதைத் தோண்டும். பீகிள் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும்போது வேட்டைக்காரருக்குக் குரல் கொடுக்கும் நாய், அதன் ஊளை தெருமுனை வரை கேட்கும். பக், ஷீ சூ போன்றவை முதலிலிருந்தே மடியில் உட்காருவதற்காக வளர்க்கப்பட்டவை. அடுக்குமாடிக்கு இவை கொஞ்சம் எளிது. ஒவ்வொரு நாயும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

இனத்தை விடவும் முக்கியம் வயது. எனக்கு ஒரே ஒரு விவரம்தான் கிடைக்கும் என்றால் நான் வயதைத்தான் கேட்பேன். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்க வேண்டும். ஆறு ஏழு மாதம் வரை அந்த ஈறு அரிப்பில் கதவு நிலை, அலமாரி ஓரம், மின் வயர் எல்லாவற்றையும் கடிக்கும். சிறுநீரை அடக்கும் திறனும் மெதுவாகத்தான் வரும். மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம். அதனால் ஆறு வயது லாப்ரடாரையும் மூன்று மாத பொமரேனியனையும் முன்னால் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் லாப்ரடாருக்குத்தான் வீடு கொடுப்பேன். கலப்பினக் குட்டி என்றால் இன்னொரு சிக்கல்: அது எவ்வளவு வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "சின்ன நாய்" என்று இன்று சொல்வது ஒரு வருடம் கழித்து இருபது கிலோவாக நிற்கலாம்.

ஆளிடம் கேட்க வேண்டியது

நாயிடம் பேச முடியாது, ஆளிடம் பேசலாம். ஒரு நாளில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. வீடு பாழாவதும் அக்கம்பக்கத்தில் சண்டை வருவதும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு வரும் ஆளிடம் எவ்வளவு சாதுவான நாய் இருந்தாலும் அது அழும், குரைக்கும், கதவைப் பிறாண்டும். நடுவில் யாராவது வந்து வெளியே கூட்டிப்போவார்களா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் தடுப்பூசிச் சீட்டு. வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், சீட்டையே பாருங்கள். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் ஆகிய நோய்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா, அடுத்த தேதி கடந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். குட்டி என்றால் பதினாறு வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் ஊசி தொடரும், அதனால் பாதி நிரம்பிய சீட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். சீட்டில் தேதிகள் ஒழுங்காக இருந்தால், வாடகையும் ஒழுங்காக வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். இது விதி இல்லை, ஆனால் ஒரு சாட்சி.

ஆண் நாய் என்றால் கருத்தடை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். செய்யாத ஆண் நாய் புது வீட்டுக்குள் வந்ததும் சுவர் மூலைகளில் காலைத் தூக்கி அடையாளம் வைப்பது அதிகம். பெண் நாய் என்றால், குட்டி போட வைக்கும் எண்ணம் உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். ஒரு நாய்க்குச் சரி சொல்லிவிட்டு, பிறகு ஐந்து குட்டிகளோடு முழிக்கக்கூடாது.

முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். இப்போதைய வீட்டுக்காரரை விட அதற்கு முந்தையவர் உண்மையைச் சொல்வார். இப்போதையவர் சில சமயம் ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்ற அவசரத்தில் இருப்பார்.

பதில்களை விட, பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "அது ஒண்ணுமே பண்ணாதுங்க, ரொம்ப சமத்து" என்று சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. "காலிங் பெல் அடிச்சா ரெண்டு நிமிஷம் குரைப்பான், அப்புறம் அடங்கிடுவான். இடி இடிச்சா மட்டும் கட்டிலுக்கு அடியில போயிடுவான்" என்று சொல்பவர் தன் நாயைத் தெரிந்து வைத்திருக்கிறார். அவரிடம் பிரச்சினை வந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

நேரில் போய்ப் பாருங்கள்

முடிந்தால் நாயை அவர்கள் இப்போது இருக்கும் வீட்டிலேயே பாருங்கள். நாயை விட அந்த வீடு அதிகம் சொல்லும். உள்ளே நுழைந்த முதல் நிமிடத்தில் மூக்குக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் உங்கள் மூக்கு பழகிவிடும், பிறகு எதுவும் தெரியாது. கதவின் கீழ்ப்பகுதி, சோபா கால்கள், ஜன்னல் திரையின் கீழ் ஓரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். நாயின் நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் நகம் நீளம். அது உங்கள் தரையிலும் அப்படித்தான் நடக்கும்.

நீங்கள் நுழைந்ததும் நாய் குரைக்கும். அது இயல்பு. எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, எஜமானர் சொன்னால் கேட்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆளே மறுபடி மறுபடி கத்திக்கொண்டிருந்தால் நாய் அதைத் தனக்குத் துணையாக எடுத்துக்கொண்டு இன்னும் குரைக்கும். ஒரு வார்த்தையில் கூப்பிட்டு உட்கார வைத்தால் நல்ல அறிகுறி.

நீங்களும் ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள். குனிந்து தலையைத் தடவப் போகாதீர்கள். மூன்று கிலோ நாய்க்கு நீங்கள் மேலிருந்து விழும் மலை மாதிரி. பயத்தில் கடித்துவிட்டால் நீங்கள் நாயைக் குறை சொல்வீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், அதுவே வந்து முகரட்டும்.

பணம்

சில இடங்களில் நாய்க்குத் தனி முன்பணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கும், சில இடங்களில் கொடுக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிராணிச் சேதத்துக்கு அரை மாத வாடகை வரை தனி முன்பணம் வாங்கலாம். இங்கிலாந்தில் 2019-ன் கட்டணச் சட்டப்படி, பெரும்பாலான வீடுகளுக்கு மொத்த முன்பணமே ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது, நாய் இருந்தாலும் அதற்குள்தான். உங்கள் ஊரில் எது செல்லும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டம் அனுமதித்தால், திருப்பித் தரக்கூடிய கூடுதல் முன்பணம்தான் சரி என்பது என் எண்ணம். மாதாமாதம் "நாய் வாடகை" என்று கொஞ்சம் ஏற்றி வாங்குவது லாபமாகத் தெரியும். ஆனால் அதைக் கொடுக்கிறவர், கதவு கீறினால் என்ன, அதற்குத்தானே மாதாமாதம் கொடுக்கிறோம் என்று நினைக்கத் தொடங்குவார். திரும்பி வரும் பணம் என்றால் கதவைப் பார்த்துக்கொள்வார்.

எழுதி வாங்குங்கள்

வாடகை ஒப்பந்தத்தோடு தனித் தாளில் ஒரு பிற்சேர்க்கை போதும். வக்கீல் தமிழ் தேவையில்லை, இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம் தருகிற தமிழ் போதும். மாதிரிக்கு இதோ:

"பழுப்பு நிறமுள்ள, நான்கு வயதான, சுமார் ஆறு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட பக் இன ஆண் நாய் ஒன்றை இந்த வீட்டில் வளர்க்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறார். இந்தச் சம்மதம் இணைப்பில் உள்ள படத்தில் இருக்கும் நாய்க்கு மட்டுமே. வேறு நாய் வாங்குவதற்கும், மற்றவர்களின் நாயை ஓர் இரவுக்கு மேல் தங்க வைப்பதற்கும், குட்டி போட வைப்பதற்கும் புதிதாக எழுத்தில் சம்மதம் பெற வேண்டும்."

இதற்குக் கீழே மற்றதெல்லாம். ஒவ்வொரு வருடமும் தடுப்பூசிச் சீட்டின் நகலைக் கொடுக்க வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட், வாசல் ஆகிய பொது இடங்களில் கயிறு கையில் இருக்க வேண்டும். கழிவை உடனே எடுக்க வேண்டும். இரவில் நாயைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போகக்கூடாது. நாயால் ஏற்படும் சேதத்தைக் காலி செய்யும் வரை காத்திருக்காமல் அப்போதே தெரிவிக்க வேண்டும். காலி செய்யும்போது ஆழமான சுத்தம், தெள்ளுப்பூச்சி மருந்து இரண்டும் அவர் செலவு.

புகார் வந்தால் என்ன செய்வது என்பதையும் படிப்படியாக எழுதிவிடுங்கள்: முதலில் வாய்ப்பேச்சு, பிறகு எழுத்தில் அறிவிப்பு, திருத்த ஒரு மாதம், அதற்கும் சரியாகவில்லை என்றால் சம்மதம் ரத்து. "புகார் வந்தால் நாயை உடனே வெளியேற்ற வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதுவது கேட்க உறுதியாக இருக்கும், நடைமுறைக்கு வராது. எட்டு வருடம் வளர்த்த நாயை யாரும் ஒரே நாளில் வெளியே விட மாட்டார்கள்.

சாவி கொடுப்பதற்கு முன் வீட்டைப் படம் எடுப்பீர்கள். வழக்கமாக எல்லோரும் கண் உயரத்தில்தான் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தனியாக எடுங்கள்: கதவின் அடிப்பகுதி, நிலைகள், சுவர் மூலைகள், சமையலறை அலமாரியின் கீழ்க் கதவுகள். வாடகைதாரரும் கூட இருக்கும்போது எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் வரும் வாக்குவாதத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

குரைப்பது பற்றிப் புகார் வந்தால்

வரும். அப்போது நாயை அல்ல, நேரத்தைத் தேடுங்கள். புகார் சொல்பவரிடம் ஒரு வாரம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். "எப்பப் பாத்தாலும் குரைக்குது" என்பது தாளில் எழுதும்போது பெரும்பாலும் வேறு மாதிரி மாறும். ஆள் வெளியே போன முதல் அரை மணியில் குரைத்தால் அது பிரிவுப் பயம்: கிளம்பும் முன் நன்றாக நடத்திக் கூட்டி வருவது, பகலில் யாராவது வந்து பார்ப்பது, முற்றிப்போயிருந்தால் கால்நடை மருத்துவர். பார்சல் ஆட்கள் வரும் நேரத்தில் மட்டும் குரைத்தால், நாயின் படுக்கை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை உள் அறைக்கு மாற்றி, கீழ் ஜன்னலுக்குத் திரை போட்டால் பாதி குறையும்.

குரல்வளையில் அறுவை செய்து குரைப்பதை நிறுத்தச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்டுவிடாதீர்கள். 1987-ன் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும் அது கொடுமைதான்.

கடித்துவிட்டது என்றால் பேச்சுவார்த்தைக்கு முன் காயம். சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி, கீறல் சின்னது என்றாலும் சரி. சீட்டின் நகல் உங்களிடம் இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள்.

தெரியாமல் வளர்ப்பது தெரிந்துவிட்டால்

கோபம் வரும், நியாயம்தான். ஆனாலும் முதல் வேலை, வீட்டைப் போய்ப் பார்ப்பது. முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சேதம் இல்லை, அக்கம்பக்கத்தில் புகார் இல்லை, சீட்டு சரியாக இருக்கிறது என்றால், அதே பிற்சேர்க்கையை நீட்டிக் கையெழுத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்களே என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. சேதமும் புகாரும் சேர்ந்து இருந்தால் மட்டும் அறிவிப்பு அனுப்பும் வழிக்குப் போங்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரங்கள்

உண்டு. அதே கட்டிடத்தில் நாய் ஒவ்வாமையால் மூச்சுத்திணறல் வரும் ஆள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். "இது அலர்ஜி தராத இனம்" என்று சொல்வார்கள். அப்படி விற்கப்படும் இனங்களின் ரோமத்தையும் வீட்டுத் தூசியையும் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், மற்ற இனங்களை விட ஒவ்வாமைப் புரதம் குறைவாக இல்லை. நாயை நாள் முழுக்கப் பால்கனியிலேயே கட்டிப்போடப் போகிறார்கள் என்றால் சொல்லலாம். சீட்டே இல்லை, கேட்டால் மழுப்புகிறார்கள் என்றாலும் சொல்லலாம். காரணத்தை ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள். "வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று யார் மேலோ பழி போட்டால், அவர்களை நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன் என்று கிளம்பிவிடுவார்கள்.

காலி செய்யும்போது

வீட்டைப் பகலில் ஒருமுறை, ஜன்னல்களை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு ஒருமுறை என்று இரண்டு தடவை பாருங்கள். திறந்து வைத்த வீட்டில் வாடை தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால் காய்ந்த சிறுநீர்க் கறை மங்கலாக ஒளிரும். படம் எடுத்த அதே இடங்களில் மறுபடி படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்து தேய்ந்த தரை சாதாரணத் தேய்மானம், அதற்கு முன்பணத்தில் பிடிக்கக்கூடாது. நிலையில் பல் பதிந்த இடத்துக்குப் பிடிக்கலாம்.

சுத்தம் செய்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: சிறுநீர் வாடை இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ ஊற்றக்கூடாது. சிறுநீரில் இருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். என்சைம் கலந்த திரவம்தான் இதற்குச் சரி. அது யூரிக் அமிலத்தை உடைக்கும். ஊற்றி உடனே துடைக்காமல், புட்டியில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே விட வேண்டும்.

வீடு காலியாக இருக்கும்போதே தெள்ளுப்பூச்சிக்கு மருந்து அடித்துவிடுங்கள். நாய் போய்விட்டதே, பூச்சியும் போயிருக்கும் என்று நினைப்பார்கள். நாயின் உடம்பில் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் தரை இடுக்கிலும் கார்பெட்டிலும்தான் இருக்கும். கூட்டுப்புழு பல மாதம் கூட்டுக்குள் அப்படியே கிடக்கும். புது ஆள் உள்ளே நடக்கும் அதிர்விலும் உடல் சூட்டிலும்தான் அது வெளியே வரும். இரண்டு மாதம் பூட்டியிருந்த வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம், முதல் வாரத்திலேயே கணுக்காலெல்லாம் தடிப்பு என்று போன் செய்வதற்குக் காரணம் இதுதான். நன்றாக வாக்யூம் போட்டு, மருந்து அடித்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.

அடுத்து வருபவர்களிடம், இந்த வீட்டில் நாய் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வாமைப் புரதம் நாய் போன பிறகும் மாதக்கணக்கில் தூசியில் தங்கும், ஒவ்வாமை உள்ளவர் என்றால் அவருக்குத் தெரிய வேண்டும். அவர்களிடமும் நாய் இருந்தால், முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். போன நாய்க்குக் கொடுத்த சம்மதம் இந்த நாய்க்குச் செல்லாது.